கோணல் மதகுக்கு ஒரு பலகை

நான் ரவிக்கை தைப்பவள். மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போகும் பாதையில் எங்கள் ஊரில் இறங்கி, டைலர்க்காரம்மா வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். "அந்த முன்கோபக்காரியா?" என்றும் சேர்த்துக் கேட்பார்கள். கேட்கட்டும். அளவு கொடுக்க வந்துவிட்டு வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களிடம் கோபப்படாமல் எப்படி இருப்பது? என் கத்தரிக்கோல் கோடு தவறாது. அந்தத் தைரியம்தான் என்னை ஒரு நாள் ரம்பம் வாங்க வைத்தது.

பக்கத்து வீட்டில் இருப்பது என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அண்ணன் காலமாகிவிட்டார். என் வீட்டுக்காரர் குவைத்தில் வண்டி ஓட்டுகிறார். ஆக, ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அக்கா. காலையில் கிணற்றடியில் ஆரம்பிக்கிற வாக்குவாதம் மத்தியானம் குழம்புக் கிண்ணம் கை மாறும்போதுதான் ஓயும். வயலில் என் பங்கையும் அவளே பார்த்துக்கொள்கிறாள். எனக்குத் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்க நேரமில்லை என்று சொல்லிக்கொள்வேன். சேற்றில் இறங்கச் சோம்பல் என்று அவள் சொல்வாள்.

எங்கள் வயலுக்கு வாய்க்காலிலிருந்து தண்ணீர் எடுக்க ஒரு சின்ன மதகு உண்டு. செங்கல் வைத்து எந்தக் காலத்திலோ கட்டியது. முக்கால் முழ அகலம்கூட இருக்காது. இரண்டு பக்கச் சுவரிலும் மேலிருந்து கீழே பலகை இறங்குகிற பள்ளமாக ஒரு காடி வெட்டியிருக்கும். அந்த இரண்டு காடிக்கும் நடுவில் ஒரு பலகையை நிற்க வைத்து இறக்கினால் தண்ணீர் நிற்கும், தூக்கினால் பாயும். பழைய பலகை மக்கிப் போய்விட்டது. வைக்கோலையும் சேற்றையும் சாக்கையும் திணித்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷம் சம்பாவுக்கு அக்கா முளை கட்டிய விதையை நாற்றங்காலில் தெளித்திருந்தாள். முளை விதைக்கு மெல்லிய ஈரம் போதும், தண்ணீர் நின்றால் அழுகிவிடும். வாய்க்காலில் திடீரென்று தண்ணீர் கூடி வந்ததில் சாக்கு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. காலையில் நாங்கள் போய்ப் பார்த்தபோது நாற்றங்காலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். விதையெல்லாம் ஒரு மூலையில் நுரையோடு ஒதுங்கிக் கிடந்தது. அக்கா வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

"வீட்டுல இன்னொரு வாட்டி தெளிக்கிறதுக்கு விதை கிடக்கு. அதையும் போட்டுப் பாக்குறேன். அதுவும் அழுவிப்போச்சுன்னா வயல குத்தகைக்கு விட்டுட்டு மவ வீட்டுக்குக் கிளம்பிடுவேன்டி. என்னால ஆவல."

மகள் திருப்பூரில் இருக்கிறாள். அப்பா போன நாளிலிருந்து, "அங்க தனியா என்னம்மா பண்றே, கிளம்பி வா" என்று போன் செய்துகொண்டே இருக்கிறாள். அன்று சாயங்காலம் அக்காவின் கட்டிலில் ஒரு பெரிய பையைப் பார்த்தேன். பாதி நிரம்பியிருந்தது.

"போயேன், யாரு வேணாங்கறா? எனக்கும் நிம்மதி" என்றேன். வாய்தான் சொன்னது. வீட்டுக்கு வந்து மிஷின் முன்னால் உட்கார்ந்தால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலையில் எழுந்தால் சண்டை போடக்கூட ஆளில்லாத கிணற்றடியை நினைத்துப் பார்த்தேன்.

ஒரு நல்ல பலகை இருந்தால் அவள் போகமாட்டாள். கணக்கு அவ்வளவுதான். ஆசாரியைக் கூப்பிட்டேன். அவருக்குக் குத்தாலத்தில் ஒரு புது வீட்டில் கதவு நிலை வேலை. "நாளைக்கு வந்துடறேங்க" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். அடுத்த முறைத் தண்ணீர் வருவதற்குள் பலகை வேண்டும் என்று நான் கத்தியதற்கும், "கோச்சுக்காதீங்க, நாளைக்குக் கண்டிப்பா" என்றுதான் பதில். ஒரு பலகையை அளந்து வெட்டுவது என்ன மலையைப் புரட்டுகிற வேலையா? நான் வெட்டாத துணியா? போனை வைத்துவிட்டு மன்னார்குடிக்குப் பஸ் ஏறினேன்.

இரும்புக்கடை பாய்க்கு என்னைத் தெரியும். அவர் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் நான்தான் தைக்கிறேன். "வாங்கம்மா, ஊசியா, பட்டனா?" என்றார்.

"கைரம்பம்."

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான். ஏன், பொம்பளை கேட்டா குடுக்கமாட்டீங்களா?"

"அல்லாவே, நான் என்ன சொன்னேன்!" என்று சிரித்துவிட்டு உள்ளே போய், இரண்டு மூன்றைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துத் தகடு வளைந்திருக்கிறதா என்று பார்த்து, ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தகடு கண்ணாடி மாதிரி மின்னியது.

பரணில் ஒரு பூவரசம் பலகை கிடந்தது. தண்ணீருக்குத் தாங்குகிற மரம். வேறு மரம் கிடையாது, கெடுத்தால் கெட்டதுதான். அதனால் முதலில் பழைய பெட்டிக் கட்டைகளைப் போட்டுப் பழகலாம் என்று முடிவு செய்தேன். கொல்லையில் ஒரு பெஞ்சு மேல் கட்டையை வைத்து, தையல் சாக்கட்டியால் கோடு போட்டு, ரம்பத்தை வைத்து அழுத்தினேன். அது துள்ளிப் பக்கத்தில் ஒரு கீறல் போட்டது. இன்னும் அழுத்தினேன். பாதி தூரம் போய் மாட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை, தள்ளினால் போகவில்லை.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் வீடியோவில் வந்தார். வண்டியைத் தவிர வேறு எதையும் கையால் தொட்டறியாத மனுஷன்.

"நல்லா அழுத்துடி. பலம் போட்டாத்தான் மரம் கேக்கும்."

"நீங்க ரோட்டைப் பாத்து வண்டிய ஓட்டுங்க" என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

சத்தம் தாங்காமல் அக்கா சுவரோரமாக வந்து எட்டிப் பார்த்தாள். கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்து, நான் வெட்டிப் போட்ட துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன்டி, இதென்ன பாம்பு போன தடமா? இதைக் கொண்டுபோய் மதகுல வெச்சா தண்ணிக்கே சிரிப்பு வரும்."

"முடிஞ்சா உதவி பண்ணுக்கா, இல்லாட்டிப் போய்ப் பையைக் கட்டு."

அவள் பெஞ்சைச் சுற்றி வந்து கட்டையின் ஒரு முனையில் ஏறி உட்கார்ந்தாள். அக்கா கொஞ்சம் பூசின உடம்பு. அதுவரை ஆடிக்கொண்டிருந்த கட்டை அசையாமல் நின்றது. அப்போதுதான் எனக்கு முதல் பாடம் உறைத்தது. கோணல் எல்லாம் கையால் வரவில்லை, பாதி கோணல் கட்டை ஆடியதால் வந்தது. துணியை வெட்டும்போது மேஜை மேல் ஒட்டப் பரப்பி, மேலே கனத்தை வைக்காமல் நான் கத்தரியைத் தொடுவதே கிடையாது. மரம் தடிமனாக இருக்கிறதே, அது எங்கே போகும் என்று நினைத்துவிட்டேன்.

மற்றதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. சாக்கட்டிக் கோடு தடிமன். கோட்டில் வெட்டினேன் என்றால் கோட்டின் எந்தப் பக்கத்தில்? அதனால் தையல் பிரிக்கும் பிளேடால் கீறினேன். கீறின கோடு ஒரு மயிரிழைப் பள்ளம், ரம்பத்தின் பல் அதில் தானாக உட்காரும். மேலே மட்டும் கீறினால் போதாது, தனக்கு எதிரே தெரிகிற விளிம்பிலும் அதே கோட்டை இறக்க வேண்டும். இரண்டு கோட்டையும் ஒரே நேரத்தில் கண் பார்த்துக்கொண்டிருந்தால்தான் வெட்டு மேலேயும் நேராக வரும், கீழேயும் நேராக வரும்.

ஆரம்பிக்கும்போது தள்ளக் கூடாது. இடது கட்டைவிரலின் கணுவைக் கோட்டோரம் ஊன்றி, ரம்பத்தின் பக்கத்தை அதில் சாய்த்து, லேசாகத் தன் பக்கம் இழுக்க வேண்டும். இரண்டு மூன்று இழுப்பில் ரம்பம் இறங்க ஒரு வாய் விழும். அதற்கப்புறம் முழு நீளத்துக்கும் நிதானமாகத் தள்ளி இழுத்தால் போதும். நான் முதலில் பயந்து பயந்து நுனியை மட்டும் வைத்துக் கொத்திக்கொண்டிருந்தேன். அழுத்தத்தை விட்டதும்தான் ரம்பம் சொன்ன பேச்சைக் கேட்டது. அதன் கனமே அதற்குப் போதும், நாம் வழி மட்டும் காட்டினால் சரி.

கைப்பிடியைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடித்திருந்ததால்தான் மணிக்கட்டு வலித்தது. ஆள்காட்டி விரலைத் தகட்டை ஒட்டி நீட்டிக்கொண்டேன். கனமான துணியை வெட்டும்போது கத்தரிக்கோலை நான் பிடிப்பதும் அப்படித்தான். விரல் காட்டுகிற பக்கம்தான் கை போகும். மிஷின் பழக்கத்தில் கட்டைக்கு நேர் எதிரே நின்றிருந்தேன். அப்படி நின்றால் முழங்கை விலாவில் இடித்து ரம்பம் வளைகிறது. ஒரு காலைப் பின்னால் வைத்துச் சற்று ஒதுங்கி நின்றதும் தோளும் முழங்கையும் ரம்பமும் ஒரே கோட்டில் வந்தன.

இன்னொன்றை அக்காதான் முதலில் பார்த்தாள். "ஏய், தகட்டுல கட்டை தெரியுதுடி" என்றாள். உண்மைதான். மின்னுகிற தகட்டில் கட்டையின் விளிம்பு பிரதிபலித்தது. ரம்பம் சாய்ந்தால், கட்டையின் விளிம்பும் தகட்டுக்குள் தெரிகிற விளிம்பும் சேருமிடத்தில் உடைந்து தெரிந்தன. நிமிர்த்தினால் இரண்டும் ஒரே கோடாக ஓடின. அதற்கப்புறம் மட்டம் பார்க்க எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. கோடு விலகினாலும் ரம்பத்தைத் திருகி இழுப்பதை விட்டுவிட்டேன். வெளியே எடுத்து, விலகாத இடம் வரை பின்னால் போய், அங்கிருந்து மெதுவாகத் திரும்ப வருவேன். தவறின தையலை அப்படித்தானே பிரித்துத் தைக்கிறோம்.

கத்தரிக்கும் ரம்பத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கத்தரிக்கோல் துணியைத் தின்னாது. ரம்பம் தின்னும். அதன் பல் போகிற அகலத்துக்கு மரம் தூளாகி விழும். எனவே வேண்டாத துண்டு இருக்கிற பக்கத்தில்தான் ரம்பம் ஓட வேண்டும், கோடு நம் பலகையோடு முழுசாக மிஞ்ச வேண்டும். கடைசி அங்குலத்தில் அவசரப்பட்டால் துண்டு தன் கனத்திலேயே ஒடிந்து நல்ல பக்கத்தையும் பிய்த்துக்கொண்டு போகும். அந்த இடத்தில் விழப்போகிற துண்டை அக்கா கையில் தாங்கிக்கொள்வாள்.

பெட்டிக் கட்டைகள் தீர்ந்தபோது கொல்லை முழுக்க மரத்தூள். என் வெட்டு நேராகியிருந்தது. "பரவாயில்லையே" என்றாள் அக்கா. அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது லேசில்லை.

மதகுக்கு அளவெடுக்கப் போனேன். கட்டினவர் எந்த யோசனையில் கட்டினாரோ, இரண்டு காடியும் ஒரே பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தன. அதனால் பலகையின் அடியைச் சாய்வாக வெட்டினால்தான் கீழே தளத்தில் இடைவெளி இல்லாமல் உட்காரும். இது எனக்குப் பெரிய விஷயமில்லை. ஒரு தோள் இறங்கினவர்களுக்கு நான் ரவிக்கை தைத்ததில்லையா? செய்தித்தாளை மதகுக்குள் பிடித்து வடிவத்தை வெட்டிக்கொண்டு வந்தேன். அதைப் பூவரசம் பலகை மேல் வைத்துப் பிளேடால் கீறினேன்.

அங்கேதான் ஒரு தையல்காரி மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனத்தைச் செய்தேன். பருத்தித் துணி தண்ணீரில் போட்டால் சுருங்கும். தண்ணீருக்குள்ளேயே கிடக்கப்போகிற பலகை எவ்வளவு சுருங்குமோ என்று அகலத்தில் கொஞ்சம் சேர்த்துவிட்டேன். அறுத்தேன். நூல் பிடித்த மாதிரி வந்தது. உலர்ந்த மதகில் இறக்கினபோது இறுக்கமாக, அழகாக உட்கார்ந்தது. "இப்பத்தான் சரியா இருக்கு, நனைஞ்சா லூசாயிடும்" என்று அக்காவிடம் விளக்கம் வேறு சொன்னேன்.

முறைத் தண்ணீர் வந்தது. பலகை ஒரு சொட்டு விடவில்லை. அக்கா மிச்ச விதையை முளை கட்டித் தெளித்தாள். நான் தலை நிமிர்ந்து நடந்தேன். வெயில் ஏறியது. நாற்றங்காலில் மண் வெளுக்கத் தொடங்கியது. முளைக்கு ஈரம் காட்ட வேண்டும், கொஞ்சம் பலகையைத் தூக்கலாம் என்று போனோம். பலகை அசையவில்லை.

அக்கா இழுத்தாள், நான் இழுத்தேன். மேலே துளையிட்டுக் கயிறு கட்டி இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். கயிறு அறுந்து இரண்டு பேரும் மல்லாக்க விழுந்ததுதான் மிச்சம். மரம் தண்ணீர் குடித்து உப்பிக் காடியை நிறைத்துவிட்டது. துணி சுருங்கும், மரம் உப்பும். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். மழைக்காலத்தில் என் வீட்டு வாசல் கதவே மூட வராது, ஒவ்வொரு வருஷமும் அதைத் திட்டிக்கொண்டே உதைத்துச் சாத்துகிறவள் நான். பலகையை அளந்தபோது அந்தக் கதவு ஞாபகத்துக்கு வரவில்லையே!

கரையை வெட்டித் தண்ணீர் விடலாம் என்றால், வாய்க்காலுக்குப் புதிதாகச் சிமெண்டு பூசியிருந்தார்கள். வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடுகிறது, பக்கத்திலேயே நாற்றங்கால் காய்கிறது. "போன வாட்டி முங்கிச் செத்துது, இந்த வாட்டி தாகத்துல சாவட்டும்" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். வாளியை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கினேன். நான் மொண்டு கொடுக்க, அவள் வாங்கி நாற்றங்காலில் பூப்போலத் தெளித்தாள். சேற்றில் இறங்கச் சோம்பல் என்று அன்றைக்கு அவள் சொல்லவில்லை.

முறை முடிந்து வாய்க்காலில் தண்ணீர் வடிந்ததும் கடப்பாரையைக் கொடுத்து நெம்பிப் பலகையை எடுத்தோம். அடுத்த முறை நெருங்கிக்கொண்டிருந்தது. இனி பலகை இறங்கவும் வேண்டும், ஏறவும் வேண்டும். வாளியை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்ட முடியும்?

"காய வெச்சு வெட்டுவோமா?" என்றாள் அக்கா.

இருக்கட்டும், யோசிக்கிறேன் என்று பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பருத்தித் துணியை நாங்கள் என்ன செய்வோம்? முதலில் நனைத்துப் போட்டு, சுருங்குகிற வரை சுருங்க விட்டு, அப்புறம்தானே வெட்டுவோம். இதுவும் உப்புகிற வரை உப்பிவிட்டது. இப்போது இருக்கிற அளவுதான் தண்ணீரில் இருக்கப்போகிற அளவு. "காயவே விடக்கூடாதுக்கா. இப்பவே, ஈரத்தோடயே வெட்டணும்" என்றேன். வீட்டுக்கு ஓடி ரம்பத்தையும் பிளேடையும் பெஞ்சையும் வரப்புக்கே கொண்டுவந்தேன்.

எடுக்க வேண்டியது ஒரு நெல்மணியின் தடிமன். பலகையின் முழு நீளத்துக்கும் ஒரு பக்கத்தில் மட்டும். அதில் பாதியை ரம்பமே தின்றுவிடும். உள்பக்கம் வளைந்தால் அந்த இடைவெளியில் தண்ணீர் பீறிட்டு மறுபடி நாற்றங்கால் மூழ்கும். வெளிப்பக்கம் விலகினால் ரம்பம் வழுக்கிவிடும். வேறு பலகை கிடையாது, வேறு விதையும் கிடையாது.

அக்கா பலகை மேல் ஏறி உட்கார்ந்தாள். நான் ரம்பத்தைக் கோட்டில் வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னடி வயித்த எக்கிக்கிட்டு நிக்கிறே? மூச்ச விட்டுட்டு வெட்டு. அளவெடுக்கையில எங்களையெல்லாம் அப்படித்தானே திட்டுவே?"

சிரிப்பு வந்துவிட்டது. மூச்சை விட்டேன். கட்டைவிரல் கணுவை ஊன்றி, லேசாக இழுத்தேன். வாய் விழுந்தது. ஈர மரம் தகட்டைக் கவ்வப் பார்த்தது. அக்கா தலையிலிருந்து கொஞ்சம் தேங்காயெண்ணெயை விரலில் வழித்துத் தகட்டில் தடவினாள். நான் தகட்டுக்குள் தெரிந்த விளிம்பையும் பிளேடுக் கோட்டையும் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. ஒரு இடத்தில் கோடு விலகத் தொடங்கியது. திருகவில்லை. வெளியே எடுத்தேன், பின்னால் போனேன், திரும்ப வந்தேன். கடைசி அங்குலத்தில் அக்கா குனிந்து கையை ஏந்தினாள். அவள் கையில் ஒரு பூவரசம் ரிப்பன் விழுந்தது. எங்கும் அறுபடாமல், முழு நீளத்துக்கும் ஒரே துண்டு.

பலகையை மதகில் இறக்கினேன். ஒரு சின்னச் சத்தத்தோடு அடியில் போய் உட்கார்ந்தது. அக்கா என்னை ஒதுக்கிவிட்டு, ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். வந்தது. இறக்கினாள். தூக்கினாள். சின்னப் பிள்ளை கையில் புது பொம்மை கிடைத்தது போல விடாமல் தூக்கி இறக்கிக்கொண்டேயிருந்தாள்.

"போதும்க்கா, தேஞ்சுடப் போவுது" என்றேன்.

தண்ணீர் வந்தபோது ஓரத்தில் லேசாகக் கசிந்தது, அவ்வளவுதான். வேண்டும்போது தூக்கினோம், வேண்டாதபோது இறக்கினோம். முளை நிமிர்ந்து, பச்சை கட்டி, காற்றில் அசையத் தொடங்கியது. இருந்தும் கட்டில் மேல் அந்தப் பை அப்படியேதான் இருந்தது. அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இவ்வளவு பேசுகிற வாய்க்கு அது மட்டும் வரவில்லை.

ஒரு மத்தியானம் நான் கொல்லையில் சும்மா ஒரு கட்டையைப் போட்டு அறுத்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் எனக்கு அது பிடித்துப்போயிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா போனில் பேசுவது கேட்டது. திருப்பூர் மகள்தான்.

"வரலடி... வயல்னு இல்ல, அது எப்படியும் விளைஞ்சுடும்... உன் சித்தி ரம்பம் வாங்கி வெச்சிருக்கால்ல? அவ தனியா அறுத்தா கோணிக்கிட்டுப் போயிடும். மேல உக்கார ஆள் வேணும்."

ரம்பத்தை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் கொல்லைக் கதவு திறந்தது. அவள் வந்து, கட்டை மேல் ஏறி உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"என்ன பாக்குறே? அறு" என்றாள்.